முதல் நாள் குஞ்சு: சேவலா, பெட்டையா?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர் பனவடலிசத்திரம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019-இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களைப் போலவே இப்பகுதியிலும் வீட்டுப் புறக்கடையில் ஒரு பஞ்சாரம், ஒரு தாய்க்கோழி, அதன் பின்னே பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் என்பது பழகிய காட்சி. குஞ்சு பொரித்த அன்றே, "இவற்றில் எத்தனை சேவல், எத்தனை பெட்டை?" என்று அந்த வீட்டு அம்மாளைக் கேட்டுப் பாருங்கள். "அதற்குள் எப்படித் தெரியும்? கொண்டை வரட்டும், பார்க்கலாம்" என்பார்.

அவர் சொல்வது சரியே. எளிதாகத் தோன்றும் இந்த வினாவுக்கு விடை காண மனித இனம் 2000 ஆண்டுகளுக்கு மேல் முயன்றது. விடை கிடைத்ததோ இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள்தான். ஒன்றன்று, மூன்று வழிகள் கிடைத்தன. அவை உலகெங்கும் முட்டைத் தொழிலையே மாற்றி அமைத்தன. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குஞ்சுகளின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்தன. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமா?

இலக்கணம் கண்ட உண்மை

தொல்காப்பியத்தின் மரபியல் உயிரினங்களின் பெயர்களை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறது: ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர். சேவல் என்பது பறவைகளுள் ஆணுக்கு உரிய பெயர். மயில் மட்டும் இதற்கு விலக்கு. பெடை, பெட்டை, பேடை என்பன பெண்ணுக்கு உரியவை. கோழிக்கும் கூகைக்கும் மட்டும் அளகு என்ற தனிப்பெயரும் உண்டு. பறப்பவற்றின் இளமைப் பெயர்கள் பார்ப்பும் பிள்ளையும்.

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு பெயர் உண்டு. குஞ்சுக்கோ பால் குறிக்கும் பெயர் இல்லை. பார்ப்பு என்றால் அது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத வேற்றுமைக்கு மொழியும் பெயர் வைக்கவில்லை போலும்!

வளர்ந்த பின்போ சேவலின் பெருமையே தனி. சோழரின் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. யானையை ஒரு சேவல் எதிர்த்து வென்ற இடம் அது என்பது கதை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு எடுத்த நடுகல்லே உள்ளது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரு சேவலுக்குக் கல் நட்டு எழுத்துப் பொறித்த மக்களுக்கும், அது குஞ்சாக இருந்த நாளில் அதன் பாலை அறிய வழியிருந்ததாகத் தெரியவில்லை.

முட்டையிடம் கேட்ட முன்னோர்

குஞ்சைப் பார்த்து அறிய முடியாதபோது, முட்டையைப் பார்த்தாவது அறிய முடியாதா என்று மனிதன் எண்ணினான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் இது பற்றி எழுதினார். நீண்டு கூரான முட்டையில் பெட்டை வரும், உருண்டையான முட்டையில் சேவல் வரும் என்பது அவர் கூற்று. சுமார் 400 ஆண்டுகளுக்குப் பின் ரோமாபுரியில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா இதை அப்படியே தலைகீழாகச் சொன்னார்: கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை! இருவரும் உறுதியாகவே சொன்னார்கள். இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுமே பொய்யாக இருக்கலாம் அல்லவா? அதுதான் உண்மை. முட்டையின் வடிவத்துக்கும் உள்ளே வளரும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை.

ரோம வரலாற்றில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. கி.மு. 42-இல் லிவியா என்ற பெண்மணி கருவுற்றிருந்தார். தமக்குப் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிய, அடைக்கோழியின் அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, தாமும் தோழியரும் மாறி மாறிக் கைச்சூட்டிலேயே வைத்திருந்து பொரிக்கச் செய்தார். அழகிய கொண்டையுள்ள சேவற்குஞ்சு வெளிவந்தது என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். பிறந்த மகன் பின்னாளில் பேரரசன் ஆன டைபீரியஸ். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அன்று பொரித்த குஞ்சில் அழகிய கொண்டையைக் காண்பது அரிது என்பதைப் பனவடலிசத்திரத்து அம்மாள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

குஞ்சில் ஏன் தெரிவதில்லை?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் காட்டுக்கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சுகள் யாவும் பழுப்பு நிறமும் கோடுகளுமாகச் சருகோடு சருகாகக் கலந்துவிடும். பருந்தின் கண்ணுக்குத் தப்புவதே குஞ்சின் முதல் வேலை. ஆணாயினும் பெண்ணாயினும் அந்த வேலை ஒன்றே. ஆகையால் உடையும் ஒன்றே. பகட்டான கொண்டையும் வால் இறகும் இனப்பெருக்கக் காலத்துக்குத் தேவையானவை. அதற்கு முன் அவை வந்தால் ஆபத்தே அதிகம்.

இந்த மாற்றத்தை உண்டாக்குவது எது? 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்ற அறிஞர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். விரைகளை அகற்றிய சேவல்களின் கொண்டை சிறுத்தது; கூவலும் சண்டையும் நின்றன. வேறு சிலவற்றில் அகற்றிய விரையை வயிற்றினுள் வேறோர் இடத்தில் பொருத்தினார். அவை வழக்கம்போல் கொண்டை வளர்ந்து கூவின! நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் விரை வேலை செய்கிறது என்றால், அதிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது என்றே பொருள். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் செய்த சோதனை இது. இருபதாம் நூற்றாண்டில் இதன் மறுபக்கமும் தெரிந்தது: பெட்டையின் சூலகத்தை அகற்றினால் அதற்குச் சேவலின் இறகு முளைக்கிறது!

ஆகவே கொண்டை என்பது ஹார்மோன் எழுதும் கடிதம். அது வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். ஆனால் பால் என்பது அன்று முடிவானதன்று. முட்டை உருவாகும்போதே முடிந்துபோன செய்தி. அந்தச் செய்தியை முதல் நாளிலேயே படிப்பது எப்படி?

முதல் வழி: தாயின் நிறம் மகனுக்கு

மனிதரில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தை தரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம் என்பதைப் படித்திருப்பீர்கள். கோழியில் இது நேர் எதிர். சேவலிடம் இரண்டு இசட் குரோமோசோம்கள் உள்ளன. பெட்டையிடம் ஓர் இசட், ஒரு டபிள்யூ. தாய் இசட் தந்தால் சேவல். டபிள்யூ தந்தால் பெட்டை. பெட்டைக் குஞ்சு அதிகம் வேண்டும் என்று சேவலை மாற்றிப் பயனில்லை. அதற்கு இதில் பங்கே இல்லை.

இதிலிருந்து ஓர் அருமையான விளைவு பிறக்கிறது. தாயின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது. மகளின் இசட் தந்தையிடமிருந்தே வரும். எனவே இறகின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீன் இசட்டில் இருந்தால், தக்க பெற்றோரைத் தேர்ந்தெடுத்து, தாயின் நிறத்தை மகனுக்கும் தந்தையின் நிறத்தை மகளுக்கும் வரச் செய்யலாம்.

இதைப் பயனுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினால்டு புன்னட். உயிரியல் பாடத்தில் புன்னட் கட்டம் வரைந்திருப்பீர்களே, அந்தப் புன்னட்தான்! முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தீவனப் பஞ்சம். முட்டையிடாத சேவற்குஞ்சுகளை முதல் நாளே பிரித்துவிட்டால் தீவனம் மிச்சமாகும் என்று அவர் கருதினார்.

ரோடு ஐலண்டு ரெட் என்ற செந்நிறச் சேவலையும் லைட் சஸெக்ஸ் என்ற வெண்ணிறப் பெட்டையையும் இணைத்தால், ஆண் குஞ்சுகள் வெளிர் மஞ்சளாகவும் பெண் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் பிறக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட பிளைமவுத் ராக் பெட்டையைச் செந்நிறச் சேவலுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கறுப்பே; ஆனால் ஆண் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். குழந்தைகூடப் பிரித்துவிடலாம்! 1920-களின் இறுதியில் புன்னட்டும் அவருடைய உதவியாளர் மைக்கேல் பீஸும், தலைமுறை தலைமுறையாகக் குஞ்சிலேயே பால் தெரியும் கேம்பார் என்ற இனத்தையும் உருவாக்கினர்.

இரண்டாவது வழியும் இதே விதியைச் சார்ந்தது. இறகு விரைவாக முளைப்பதும் மெதுவாக முளைப்பதும் இசட்டிலுள்ள ஒரு ஜீனால் ஆவது என்று 1920-களில் தெரிந்தது. விரைவு இறகுச் சேவலையும் மெது இறகுப் பெட்டையையும் இணைத்தால், பெண் குஞ்சின் சிறகில் முதன்மை இறகுகள் அவற்றை மூடும் இறகுகளைவிட நீண்டிருக்கும். ஆண் குஞ்சில் இரண்டும் சமமாக இருக்கும், அல்லது மூடும் இறகே நீண்டிருக்கும். சிறகை விரித்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது வழி: விரல் நுனியில் ஒரு கலை

நிறத்தாலும் இறகாலும் பிரிக்கத் தக்க பெற்றோர் வேண்டும். எந்த இனத்துக் குஞ்சானாலும் பிரித்தறியும் வழியை ஜப்பானியர் கண்டனர். 1924-இல் டோக்கியோவில் கியோஷி மசூயி என்ற கால்நடை விஞ்ஞானியும் அவருடன் உழைத்த ஹஷிமோட்டோ, ஓனோ ஆகியோரும், ஒரு நாள் குஞ்சின் கழிவாயை மெல்ல விரித்துப் பார்த்தால் ஆண் குஞ்சில் ஒரு சிறு முகிழ் தெரிவதைக் கண்டறிந்தனர். வாத்திலும் இது போன்ற உறுப்பு உண்டு. அது பெரியது, எளிதில் தெரியும். கோழிக்குஞ்சிலோ அது குண்டூசித் தலை அளவே. பெட்டைக் குஞ்சுகள் பலவற்றிலும் அதைப் போன்ற சிறு மேடு இருப்பதுண்டு. எனவே இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. திரண்டு பளபளத்து உறுதியாக நிற்கிறதா, தட்டையாகத் தளர்ந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இந்த முறையை ஜப்பானியர் உலகுக்கு அறிவித்தனர். ஜப்பானில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. 1930-களில் பயிற்சி பெற்றோர் கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் குஞ்சு பொரிப்பகங்களுக்கு அழைக்கப்பட்டனர். தேர்ந்தவர் ஒருவர் மணிக்கு 1000 குஞ்சுகளைப் பிரிப்பார். அதாவது ஒரு குஞ்சுக்கு நான்கு நொடிகூட இல்லை. நூற்றுக்கு 98-க்கு மேல் சரியாக இருக்கும். 1942-இல் அமெரிக்கா தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அப்போதும் இந்தக் கலை தெரிந்தோரில் சிலரைக் குஞ்சு பிரிக்கும் வேலைக்கு வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கு மாற்று இல்லை.

"எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் இவர்களுள் பலருக்குச் சொல்லத் தெரியாது, பழக்கம் என்பார்கள். 1987-இல் இரண்டு அமெரிக்க உளவியலார் இதை ஆராய்ந்தனர். முன்பின் பழக்கமில்லாதவர்களிடம் 18 குஞ்சுகளின் படங்களைக் காட்டியபோது நூற்றுக்கு 60 அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். எந்த இடத்தில், எந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்ததும் அது 84 ஆக உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பழகி வருவதாகக் கருதிய அறிவிலும், சொல்லிக் கொடுக்கக்கூடிய பகுதி ஒன்று ஒளிந்திருந்தது! ஆனால் படத்தைப் பார்ப்பது வேறு. உயிருள்ள குஞ்சைக் கையில் பிடிப்பது வேறு. பழக்கமில்லாதவர் அழுத்தினால் குஞ்சின் குடல் சிதைந்து அது இறந்துவிடும். வீட்டில் இதை ஒருபோதும் செய்து பார்க்க வேண்டாம்.

நாமக்கல் முட்டையும் ஆண் குஞ்சும்

இந்த அறிவால் யாருக்கு என்ன பயன்? 1982-இல் விரிவுபடுத்தப்பட்ட தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையும் சேர்ந்தது. பள்ளிக் குழந்தையின் தட்டில் விழும் அந்த முட்டை பெரும்பாலும் நாமக்கல் பகுதிப் பண்ணைகளிலிருந்து வருவது. அங்கே வளர்வன முட்டைக்கென்றே தேர்ந்த இனங்களின் பெட்டைகள். பொரித்த முதல் நாளே பெட்டையை மட்டும் பிரித்து வளர்க்க முடிவதால்தான் தீவனச் செலவு கட்டுப்பட்டு, முட்டை ஏழைக் குழந்தைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. இது சிறிய பயனன்று.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி ஆண். முட்டையினத்து ஆண் குஞ்சு முட்டையும் இடாது. கறிக்கோழி போல் விரைவில் எடையும் போடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கறிக்கு வேறு இனம், முட்டைக்கு வேறு இனம் என்று பிரிந்துவிட்டதால் இந்தக் குஞ்சுக்கு இடமில்லாமல் போயிற்று. உலகில் ஆண்டுக்கு 600 முதல் 700 கோடி ஆண் குஞ்சுகள் முதல் நாளிலேயே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். நம் ஊர்த் தெருக்களிலும் திருவிழாக்களிலும் பச்சை, சிவப்பு, நீலச் சாயம் தோய்த்து மலிவாக விற்கும் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் இப்படி ஒதுக்கப்பட்ட ஆண் குஞ்சுகளே.

ஜெர்மனி 2022 தொடக்கம் முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டத்தால் தடை செய்தது. அதனால் ஆராய்ச்சி மறுபடியும் முட்டையை நோக்கித் திரும்பியிருக்கிறது. கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஒன்பதாம் நாளில் ஓட்டில் நுண்துளையிட்டு ஒரு துளி நீர் எடுத்து, அதில் பெண் ஹார்மோன் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். வேறொரு முறையில், பதின்மூன்றாம் நாளளவில் ஒளியை உள்ளே செலுத்தி, வளரும் குஞ்சின் இறகு நிறத்தைக் கருவி படிக்கிறது. புன்னட் கண்ட அதே நிற வேற்றுமைதான்! அரிஸ்டாட்டில் முட்டையின் புறத்தே தேடிய விடை அதன் உள்ளே இருந்திருக்கிறது.

புறக்கடையில் என்ன செய்வது?

இனிப் பனவடலிசத்திரத்துப் பஞ்சாரத்துக்கு வருவோம். நாட்டுக்கோழிக் குஞ்சில் இறகு நீளத்தையோ நிறத்தையோ பார்த்துப் பால் சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சோதனைகள் இன்ன தந்தை, இன்ன தாய் என்று தெரிந்து இணைத்த குஞ்சுகளுக்கே பொருந்தும். புறக்கடைக் கோழியில் பல இனங்கள் பல தலைமுறையாகக் கலந்திருக்கின்றன. கடையில் வாங்கிய கலப்பினத்திலும் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் குழம்பிவிடும்.

காத்திருப்பதே வழி. மூன்று நான்கு வாரங்களில் சில குஞ்சுகளின் கொண்டை சற்று எடுப்பாகும். ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆண் குஞ்சின் கொண்டையும் தாடியும் சிவந்து பெருக்கும், கால் தடிக்கும். மூன்று மாதமளவில் முதுகின் பின்புறத்தில் கூரான, பளபளப்பான இறகுகள் முளைத்தால் ஐயமே வேண்டாம், சேவல்தான். பெட்டைக்கு அங்கே முனை மழுங்கிய இறகே இருக்கும். அசில் போன்ற சண்டையினங்களில் கொண்டையே சிறியது. ஆகையால் இன்னும் பொறுக்க வேண்டும்.

காத்திருப்பதால் இங்கே நட்டமும் இல்லை. குஞ்சு குப்பையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் சிந்திய தானியமும் தின்று வளர்கிறது. பெட்டையானால் முட்டைக்கும் அடைக்கும் ஆகும். சேவலானால் கோவில் கொடைக்கும் விருந்துக்கும் நல்ல விலை போகும். இரண்டுக்கும் வேலை உண்டு; ஆகவே முதல் நாளே அறிய வேண்டிய அவசரமில்லை. விலைகொடுத்து வாங்கும் தீவனமும், ஒரே வேலைக்கென்று பிரித்த இனமும் சேர்ந்தபோதுதான் அந்த அவசரம் பிறந்தது. ஒரு வினாவின் விடையைப் போலவே, அதை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் அறிவியல் வரலாற்றில் கவனிக்கத் தக்கது.

நீங்களே சோதியுங்கள்

முட்டை வடிவம், நூலில் கட்டிய ஊசியை முட்டைமேல் ஆட்டிப் பார்த்தல் என்று பல சோதனைகளை இன்றும் நம்புவோர் உண்டு. பாதி ஆண், பாதி பெண் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகும்! பத்துக் குஞ்சுகளில் எட்டோ அதற்கு மேலோ தற்செயலாகவே சரியாக அமைய 1024-இல் 56 வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய 18 முறைக்கு ஒரு முறை. அந்த ஒரு முறையை ஊரே நினைவில் வைத்துக்கொள்ளும். மற்றப் பதினேழும் மறந்துபோகும்.

வீட்டில் கோழி அடை வைக்கும்போது கூரான முட்டைகளுக்கும் உருண்டை முட்டைகளுக்கும் பென்சிலால் வேறு வேறு குறியிடுங்கள். பொரிக்கும் நாளில் உடனிருந்து, எந்த முட்டையில் எது வந்தது என்று பார்த்து, குஞ்சின் காலில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் பருக்கப் பருக்க நூலை மாற்ற மறவாதீர்கள். உங்கள் கணிப்பை அன்றே எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்துச் சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்று ஒப்பிடுங்கள். ஒரு வீட்டுக் கணக்கு போதாது. வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து நூறு குஞ்சுகளின் கணக்கைத் தொகுத்தால் அரிஸ்டாட்டிலுக்கும் கொலுமெல்லாவுக்கும் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.